லீகல் இன்சூரன்ஸ் எடுக்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டிலிருந்து வந்து சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் வழக்குச் செலவுக் காப்புறுதி எடுக்கலாமா என்பதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். லீகல் இன்சூரன்ஸ் என்றால் சட்டென்று தெரியும். ஆண்டுக்கு ஒரு தொகை கட்டி வைக்கிறோம். பின்னால் ஒரு தகராறு வந்து நீதிமன்றம் வரைக்கும் போனால், வழக்கறிஞருக்கும் நீதிமன்றத்துக்கும் ஆகும் செலவைக் காப்புறுதி நிறுவனம் ஏற்றுக்கொள்ளும். செலவை மட்டும்தான். உங்கள் குளியலறைக் குழாய் உடைந்து கீழ்வீட்டுக் கூரை ஊறிப்போனால், அவருக்குத் தர வேண்டிய நஷ்டஈடு இதில் வராது. அது வீட்டுக் காப்புறுதியில் உள்ள பொறுப்புக் காப்பில் வர வேண்டியது. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர்.

இந்த வணிகத்தின் பூர்வீகம் ஐரோப்பா. கார்ப் பந்தயத்துக்குப் பேர்போன லெ மான் என்ற பிரெஞ்சு ஊரில், வண்டி ஓட்டுபவர்களுக்காக 1917இல் டி.ஏ.எஸ். என்ற நிறுவனம் தொடங்கியது. அப்புறம் ஜெர்மனியில் இது வேரூன்றிவிட்டது. அங்கே சாதாரணக் குடும்பம்கூட வாடகைத் தகராறுக்கும் வேலைத் தகராறுக்கும் இப்படி ஒன்றை எடுத்து வைத்திருக்கும். அதனால் சாங்கி பிசினஸ் பார்க்கில் பக்கத்து மேசை ஜெர்மன்காரர் "நீ இன்னும் எடுக்கவில்லையா?" என்று கேட்டதும் நம்மவருக்கு ஒரு பதற்றம். அன்றிரவே இணையத்தில் தேட ஆரம்பித்துவிடுகிறார்.

கொஞ்சம் பொறுங்கள். முதலில் இந்த ஊரில் உங்களுக்கு என்னென்ன சண்டை வரக்கூடும், அதில் லாயர் வருவாரா என்று பாருங்கள். பாலிசியின் விலையைப் பிறகு பார்க்கலாம்.

சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். முதலாளி சம்பளம் தரவில்லை, ஓவர்டைம் தரவில்லை, நோட்டீஸ் சம்பளம் தரவில்லை என்றால் முதலில் போக வேண்டிய இடம் அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்த டி.ஏ.டி.எம். என்கிற முத்தரப்பு அமைப்பு. அங்கே இரண்டு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசுவார்கள். பேசி முடியவில்லை என்றால் எம்ப்ளாய்மென்ட் கிளெய்ம்ஸ் டிரிபியூனல். 2017 ஏப்ரலில் தொடங்கிய நடுவர் மன்றம் இது. 20,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வரை கோரலாம். தொழிற்சங்கத்தின் துணையோடு சமரசத்துக்குப் போனவர்கள் 30,000 வரை கோரலாம். இங்கே லாயருக்கு இடமே கிடையாது. உங்களுக்கும் இல்லை, முதலாளிக்கும் இல்லை. அப்படியானால் லாயர் செலவைக் கொடுக்கும் பாலிசி இங்கே எதற்கு?

இதில் பணத்தைவிட நாள் கணக்கு முக்கியம். காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள் என்று முறையிடுவதானால், கடைசி வேலை நாளிலிருந்து ஒரே மாதம்தான் அவகாசம். வேலையை விட்டு வந்தபின் சம்பளப் பாக்கி கேட்பதற்கு ஆறு மாதம். எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி ரத்தானதும் பெரும்பாலும் 30 நாள் தங்க அனுமதி கொடுப்பார்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதிப் போட்டு, அவர்கள் பார்த்து ஒப்புதல் தரட்டும் என்று காத்திருந்தால் அந்த நாள் போய்விடும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டவர் வேலையை விடும்போது, வருமான வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தை முதலாளி பிடித்து வைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். ஐ.ஆர். 21 என்ற படிவம் அதற்குத்தான். சம்பளத்தை அமுக்கிவிட்டார்கள் என்று கொதித்துப்போய் வருபவர்களில் சிலர், உண்மையில் இந்த வரி முடிவதற்காகக் காத்திருப்பவர்கள்.

சரி, வாடகை. அரசாங்கத்தின் வீவக அடுக்குமாடி வீடோ தனியார் கொண்டோவோ, டெபாசிட்டைத் திருப்பித் தராத வீட்டுக்காரர்தான் நம்மவர்களின் தலைவலி. ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேற்படாமல் இருந்தால் சிறு தொகைத் தகராறுகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலுக்குப் போகலாம். அங்கேயும் வரம்பு 20,000 வெள்ளி. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 30,000. அங்கேயும் லாயர் கிடையாது. ஆனால் ஒப்பந்தத்துக்கு ஸ்டாம்ப் டியூட்டி கட்டியிருக்க வேண்டும். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. மாதம் 3,000 வெள்ளி, இரண்டு ஆண்டு என்றால் மொத்த வாடகை 72,000, அதில் 0.4 விழுக்காடு, 288 வெள்ளி. கையெழுத்துப் போட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டியது. முகவர் கட்டியிருப்பார் என்று விட்டுவிடாதீர்கள்; சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். டெபாசிட்டுக்கு எந்த பாலிசியையும்விட இந்த 288 வெள்ளிதான் பெரிய பாதுகாப்பு.

வேலையிடத்தில் அடிபட்டால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை, லாயரும் தேவையில்லை. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகள் யாராவது லீகல் இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தக் காசில் தொழிற்சங்கத்தில் சேருங்கள்.

அப்படியானால் யாருக்குத்தான் இது வேண்டும்? வரம்பைத் தாண்டும் சண்டை வரக்கூடியவர்களுக்கு. எம்ப்ளாய்மென்ட் பாஸில் பெரிய பதவியில் இருக்கிறீர்கள், 80,000 வெள்ளி போனஸை நிறுத்திவிட்டார்கள். அல்லது, போட்டி நிறுவனத்தில் ஓராண்டு சேரக்கூடாது என்ற நிபந்தனையைக் காட்டி மிரட்டுகிறார்கள். இதற்கு நடுவர் மன்றம் போதாது. 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 2,50,000 வரை மாவட்ட நீதிமன்றம், அதற்கு மேல் உயர் நீதிமன்றம். அங்கெல்லாம் நடைமுறையில் லாயர் வேண்டும். அரசாங்கத்தின் சட்ட உதவிப் பிரிவு உரிமையியல் வழக்குகளில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் கைகொடுக்கும். பாஸில் இருப்பவர்களுக்கு இல்லை. ஜெயித்தால் இத்தனை விழுக்காடு எடுத்துக்கொள்ளுங்கள் என்று லாயரிடம் பேரம் பேசவும் இங்கே சட்டம் விடாது. எல்லாவற்றுக்கும் மேலே, தோற்றவர் பொதுவாக ஜெயித்தவரின் செலவையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஆகவே ஒரு பாலிசியை எடுத்துப் பார்க்கும்போது, எதிர்த்தரப்பின் செலவையும் தருகிறதா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். அது இல்லாத பாலிசி கூரையில் பாதியை மட்டும் வேய்ந்த வீடு.

அடுத்து, தகராறு எப்போது தொடங்கியது என்ற கேள்வி. பணம் மறுக்கப்படுவதற்கு இது பெரிய காரணம். அக்டோபரில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வருகிறது. நவம்பரில் பாலிசி எடுக்கிறீர்கள். ஜனவரியில் வேலை போகிறது. நீங்கள் ஜனவரி என்பீர்கள். நிறுவனம் அக்டோபர் என்று சொல்லும். இது போதாதென்று, பாலிசி எடுத்த முதல் சில மாதம் காப்பு கிடையாது என்கிற காத்திருப்புக் காலமும் உண்டு. ஜெர்மன் பாலிசிகளில் பல வகைத் தகராறுகளுக்கு மூன்று மாதம் என்பது வழக்கம். புகை தெரிந்தபின் எடுப்பதில் பயனில்லை.

ஜெயிக்க வாய்ப்பு இருக்கிறதா என்றும் நிறுவனம் பார்க்கும். பிரிட்டிஷ் பாலிசிகளில் பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு. அந்த முடிவை யார் எடுக்கிறார், வாய்ப்பு இல்லை என்று அவர் சொன்னால் நீங்கள் யாரிடம் முறையிடலாம் என்று தாளில் தேடிப் பாருங்கள். லாயரை யார் தேர்ந்தெடுப்பது என்பதும் அதே மாதிரி. ஐரோப்பாவில் 1987இலேயே, வழக்கு என்று வந்தால் லாயரை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டம் இங்கே உங்களுக்குத் துணை வராது. பாலிசியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

எந்த நாட்டுச் சண்டை என்பதையும் பாருங்கள். ஐரோப்பாவில் வேலை பார்த்துவிட்டு அங்கே எடுத்த பாலிசியை அப்படியே வைத்துக்கொண்டு இங்கே வருகிறவர்கள் உண்டு. அந்த பாலிசிகள் பெரும்பாலும் ஐரோப்பாவுக்கும் மத்தியதரைக் கடல் ஓரத்து நாடுகளுக்கும்தான் முழுதாகப் பொருந்தும். மற்ற இடங்களில் குறுகிய காலப் பயணத்துக்கு மட்டும். குடியிருப்பை மாற்றிக்கொண்டு வந்தபின் பிரீமியம் கட்டுவது வீண்.

விவாகரத்து பற்றி ஒரு வார்த்தை. கணவனோ மனைவியோ தொடர்ந்து மூன்று ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தால், குடிமக்கள் இல்லாவிட்டாலும் சிங்கப்பூரிலேயே மனுப் போடலாம். செலவு அதிகம் பிடிக்கும் வழக்கு இது. பெரும்பாலான பாலிசிகள் இதைத் தொடுவதே இல்லை. தொட்டாலும் ஒரு முறை ஆலோசனையோடு நிறுத்திக்கொள்ளும்.

இன்னொன்று, நம்மவர்களின் பெரிய வழக்கு இங்கேயே இருக்காது. ஊரில் பங்காளி வேலியைத் தள்ளிப் போட்டிருப்பான். சென்னையில் புக் செய்த ஃபிளாட்டை பில்டர் ஒப்படைத்திருக்க மாட்டார். இங்கே எடுக்கும் பாலிசி தஞ்சாவூர் நிலத்துக்கு உதவும் என்று எண்ண வேண்டாம். ஃபிளாட் என்றால் 2016ஆம் ஆண்டு ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டு ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நிலம் என்றால் நம்பிக்கையான ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுக்க வேண்டிவரும். கிரேஞ்ச் ரோட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பியபின், அது இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியில் கோட்டை விடுகிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு எடுப்பது என்று முடிவு செய்தால், கையில் இருக்கும் பாலிசிகளை ஒருமுறை புரட்டுங்கள். சிங்கப்பூரில் தனியாள்களுக்கு இது தனி பாலிசியாகப் பரவலாகக் கிடைப்பதில்லை. கார், வீடு, பயணக் காப்புறுதிகளில் ஓர் ஓரமாக ஒட்டிக்கொண்டு வரும். ஏற்கெனவே உங்களிடம் கொஞ்சம் இருக்கலாம். வெளிநாட்டு நிறுவனம் இணையத்தில் விற்பதை வாங்குவதானால், சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் இணையப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், நாளைக்கு அவர்கள் பணம் தர மறுக்கும்போது ஃபிட்ரெக் என்கிற நிதித்துறைத் தகராறுத் தீர்வு மையத்துக்குப் போகலாம். அங்கேயும் லாயர் வைக்காமல் நீங்களே பேசலாம். இல்லையென்றால் அந்த நிறுவனத்தோடு வரும் சண்டைக்கு உங்கள் கைக்காசில் லாயர் வைக்க வேண்டியதுதான். அந்தச் செலவை இந்த பாலிசியில் கேட்க முடியாது; தங்களோடு வரும் சண்டைக்குக் காப்பு கிடையாது என்று அதிலேயே எழுதியிருப்பார்கள்.

நன்றி, வணக்கம்.