பர்மிங்காம் சிறையிலிருந்து ஒரு பதில்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்ட்டின் லூதர் கிங் என்றதும் 1963 ஆகஸ்டில் வாஷிங்டனில் அவர் ஆற்றிய கனவு உரைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு நான்கு மாதம் முன்பு, அலபாமா மாநிலத்து பர்மிங்காம் சிறையில் இருந்தபடி அவர் எழுதிய கடிதத்தைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன். என்னைக் கேட்டால், கிங்கின் சிந்தனையைப் புரிந்துகொள்ள உரையைவிட இந்தக் கடிதமே நல்ல வாசல். வாஷிங்டனில் கூடியவர்கள் அவர் பக்கம் நின்றவர்கள். கடிதமோ முரண்பட்டவர்களுக்குப் போனது. அதனால் ஒவ்வொன்றையும் வாதாடி நிறுவ வேண்டியிருந்தது.

கறுப்பர்களை வெள்ளையரிடமிருந்து ஒதுக்கிவைக்கும் இனப் பிரிவினையை எதிர்த்து பர்மிங்காமில் கிங் போராட்டம் நடத்தினார். ஊர்வலம் போகக் கூடாது என்ற நீதிமன்றத் தடையை மீறியதற்காக, ஏப்ரல் 12, புனித வெள்ளியன்று கிங் கைதானார். அந்தச் சமயத்தில் அலபாமாவின் எட்டு வெள்ளையின மதத் தலைவர்கள் பத்திரிகையில் ஓர் அறிக்கை விட்டார்கள். ஆயர்கள், போதகர்கள், ஒரு யூத ரபி. போராட்டம் விவேகமற்றது, நேரமும் சரியில்லை, வெளியாட்கள் வந்து நடத்துகிறார்கள் என்பது அவர்கள் கட்சி. செய்தித்தாள் ஓரங்களில், கிடைத்த துண்டுக் காகிதங்களில், அப்புறம் வழக்கறிஞர்கள் கொடுத்த தாள்களில் கிங் பதில் எழுதினார்.

இந்த எட்டுப் பேரும் இனவெறியர்கள் அல்ல என்பதை மனத்தில் வைத்தால்தான் கடிதம் விளங்கும். அந்த ஜனவரியில் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், இனப் பிரிவினை என்றென்றும் இருக்கும் என்று முழங்கிப் பதவியேற்றார். அடுத்த சில நாட்களிலேயே, பிரிவினைக்கு எதிரான நீதிமன்றத் தீர்ப்புகளை மதிக்க வேண்டும் என்று பகிரங்கமாகச் சொன்னவர்கள் இவர்கள். அன்றைய அலபாமாவில் அதற்கே துணிச்சல் வேண்டும்.

அப்படிப்பட்டவர்கள்தான் "கொஞ்சம் பொறுங்கள்" என்கிறார்கள். காவல்துறையைக் கையில் வைத்திருந்த புல் கானர், மேயர் தேர்தலில் ஆல்பர்ட் பௌட்வெல்லிடம் அப்போதுதான் தோற்றிருந்தார். புதியவருக்கு அவகாசம் கொடுக்கக் கூடாதா? பௌட்வெல் மென்மையானவர்தான், ஆனால் இருவருமே பிரிவினைக்காரர்கள் என்கிறார் கிங். முந்தைய ஆண்டு கடைக்காரர்கள் கறுப்பர்களைப் பிரித்துவைக்கும் அவமானப் பலகைகளை அகற்றுவதாக வாக்குக் கொடுத்ததையும், சில பலகைகள் போய் மறுபடி வந்ததையும் நினைவூட்டுகிறார்.

அதற்குப் பிறகு வருகிறது 300 சொற்களுக்கும் மேல் நீளும் அந்த ஒற்றை வாக்கியம். கும்பல் கொலைகளில் தொடங்குகிறது. தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்த்த கேளிக்கைப் பூங்காவுக்குத் தன்னால் ஏன் போக முடியாது என்று கேட்கும் ஆறு வயது மகளுக்குப் பதில் சொல்ல நாக்குத் தடுமாறுவது, விடுதியில் இடம் கிடைக்காமல் இரவெல்லாம் காரிலேயே தூங்குவது என்று "போது, போது" என அடுக்கிக்கொண்டே போகிறார். வாக்கியம் எப்போது முடியும் என்று நமக்கே மூச்சு முட்டும். காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதைப் படிப்பவரைக் காக்க வைத்தே காட்டிவிடுகிறார்.

சரி, பிரிவினைக்கு எதிரான தீர்ப்பை மதியுங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்லும் கிங்கே சட்டத்தை மீறலாமா? இந்தக் கேள்வி நியாயமானது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பெரும்பான்மை தன்னைக் கட்டுப்படுத்தாத ஒரு விதியைச் சிறுபான்மை மீது மட்டும் திணித்தால் அது அநீதியான சட்டம். ஓட்டுரிமை மறுக்கப்பட்டவர்கள் மீது, அவர்கள் பங்கே இல்லாமல் இயற்றிய சட்டமும் அப்படியே. ஊர்வலத்துக்கு அனுமதி வேண்டும் என்பதில் தவறில்லை. பிரிவினையைக் காப்பாற்ற அதைப் பயன்படுத்தும்போது அதுவும் அநீதியாகிறது. ஆனால் மீறுகிறவர் ஒளிந்து மீறக் கூடாது. வெளிப்படையாக மீறி, தண்டனையையும் ஏற்க வேண்டும். இந்த நிபந்தனையை விட்டுவிட்டு கிங்கை மேற்கோள் காட்டுபவர்கள் இன்று ஏராளம்.

கடிதத்தின் கடுமையான பகுதி மிதவாதிகளைப் பற்றியது. கறுப்பர்களின் விடுதலைக்கு, வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானைவிடப் பெரிய தடை, நீதியைவிட ஒழுங்கை விரும்பும் வெள்ளையின மிதவாதியாக இருக்கலாம் என்று எழுதுகிறார். சலசலப்பு இல்லாத நிலையை அவர் அமைதி என்று ஏற்கவில்லை.

அதே கடிதத்தில் எட்டுப் பேரில் ஒருவரான ஏர்ல் ஸ்டாலிங்ஸைப் பெயர் சொல்லிப் பாராட்டவும் செய்கிறார். அந்த ஈஸ்டர் ஞாயிறு வழிபாட்டுக்கு வந்த கறுப்பின மக்களைத் தன் ஆலயத்தில் வரவேற்றவர் ஸ்டாலிங்ஸ். அதற்காகச் சொந்தச் சபையாரிடமே எதிர்ப்பைச் சம்பாதித்தார். பின்னர் அந்தச் சபையை விட்டும் போனார். உலகம் அவரை நினைவு வைத்திருப்பதோ, கிங்கைப் பொறுக்கச் சொன்ன எட்டுப் பேரில் ஒருவராக.