பயணப் படத்துக்கு எதற்கு இவ்வளவு வேகம்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பயணப் படத்தில், அதாவது சாலைப் பயணமே கதையாக இருக்கும் படத்தில், நம்மைக் கட்டிப்போடுவது வேகமா, அமைதியா என்பது தலைப்பு. நான் அமைதியின் கட்சி. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், “அமைதியான படத்தில் ஒன்றுமே நடக்காது, தூக்கம்தான் வரும்” என்று சொல்லிக் கைத்தட்டு வாங்கிவிட்டார். ஒன்றுமே நடக்காதா? பார்ப்போம்.

1999-இல் டேவிட் லிஞ்ச் இயக்கிய ‘தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி’. உண்மையில் நடந்த கதை. 1994-இல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்ற 73 வயதுக்காரர், பக்கவாதம் வந்த அண்ணனைப் பார்க்க விஸ்கான்சினுக்குக் கிளம்பினார். பார்வை மங்கியதால் ஓட்டுநர் உரிமம் இல்லை. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டியின் பின்னால் ஒரு டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ஏறத்தாழ 240 மைல் போனார். வேகம் மணிக்கு 5 மைல் அளவில்தான். படத்தில் ஒரு சைக்கிள் கூட்டமே அவரை முந்திக்கொண்டு போகும்!

நண்பரே, அந்த வேகத்தில்தான் எல்லாமே ‘நடக்க’ ஆரம்பிக்கிறது. காரில் போகிறவனுக்கு இறக்கம் என்பது சாலையில் ஒரு சரிவு, அவ்வளவுதான். ஆல்வினுக்கு அது உயிர்ப் பிரச்சினை. இந்த வகை வண்டியில் எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு விசை போவது பெல்ட் வழியாக. படத்தில் ஓர் இறக்கத்தில் அந்த பெல்ட் அறுகிறது. அறுந்தபின் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. பின்னால் டிரெய்லரின் கனம் வேறு தள்ளுகிறது. பிரேக்கோ தோட்டத்தில் புல்வெட்டும் வேகத்துக்கு ஏற்றது. கீழே தீயணைப்புப் படையினர் பயிற்சிக்காக ஒரு வீட்டை எரித்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கார் துரத்தலுக்கு இது குறைச்சல்? இதுவரை மெதுவாகவே போன வண்டி என்பதால்தான் இங்கே நமக்குப் பதறுகிறது. முதலிலிருந்தே 100-இல் ஓட்டியிருந்தால் இந்தப் பதற்றத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

வேடிக்கையும் அந்த வேகத்திலிருந்துதான் வருகிறது. ஒரு காட்சியில் ஆல்வின் சாலையில் போகிறார். கேமரா மெல்ல வானத்துக்கு ஏறி, சற்று நின்று, கீழே இறங்குகிறது. இவ்வளவு நேரத்தில் எங்கோ போயிருப்பார் என்று பார்த்தால், மனிதர் கொஞ்ச தூரம்தான் நகர்ந்திருக்கிறார். வசனமே இல்லாத நகைச்சுவை.

“எடுப்பது சுலபம், சாலையில் கேமராவை வைத்தால் போதும்” என்றும் நண்பர் சொன்னார். ஆல்வின் போன அதே வழித்தடத்தில், காட்சிகளைக் கதை வரிசையிலேயே எடுத்தார்கள். தயாரிப்பு நிர்வாகியைக் கேளுங்கள், வரிசைப்படி எடுப்பது என்றால் தலையில் கை வைப்பார்! ஆனால் அதனால்தான் நாள் போகப்போக வயலும் வெளிச்சமும் மாறுவதைச் சாலையே காட்டிவிடுகிறது. “சில வாரங்களுக்குப் பிறகு” என்று எழுத்துப் போட வேண்டியதில்லை. நாயகன் ரிச்சர்டு ஃபார்ன்ஸ்வொர்த், புற்றுநோய் வலியோடு நடித்தவர். அந்தத் தள்ளாட்டத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 79 வயதில் ஆஸ்கர் பரிந்துரை பெற்றார்.

ஈரானுக்கு வாருங்கள். 1997-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் அதன் உயரிய விருதான ‘தங்கப்பனை’யை வென்றது அப்பாஸ் கியாரோஸ்தமியின் ‘டேஸ்ட் ஆஃப் செர்ரி’. பெரும்பகுதி ஒரு காருக்குள்தான். ஓட்டுபவரை எடுக்கும்போது பக்கத்து இருக்கையில் இயக்குநரே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். பயணியை எடுக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் அவர். நடிகர் இருவரும் சேர்ந்தே உட்காரவில்லை! முகத்தில் வருவது ஒப்பித்த பாவனை அல்ல, அந்த நொடி காதில் விழுந்ததற்கான பதில். தொழில்முறை நடிகர் அல்லாதவர்களிடம் இப்படித்தான் வாங்க முடியும்.

நம் ஊரில் கெடுவது எங்கே தெரியுமா? பயணம் தொடங்கியதும் ஒரு மாண்டேஜ் பாட்டு. சென்னையில் பல்லவி, கொடைக்கானலில் கடைசிச் சரணம். நடுவில் இருந்த சாலையைக் காணோம்!

நடுவர் மணியடிக்கக் கை நீட்டிவிட்டார், முடித்துக்கொள்கிறேன். எதிரணியில் அடுத்துப் பேச வருபவருக்கு ஒரே ஒரு கேள்வி. உங்கள் வேகப் படங்களில் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்; அதில் நாயகன் எந்தெந்த ஊர் வழியாகப் போனான் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.