பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று?

அன்புள்ள மாணவ மாணவியரே, பிள்ளைகளைப் பெரிய நகரத்துக்கு அனுப்பப்போகும் கவலையோடு வந்திருக்கும் பெற்றோரே, வணக்கம்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், வாடகை குறைவு என்று ஓர் அறை எடுத்தேன். வரைபடத்தில் கல்லூரி 6 கிலோமீட்டர்தான். பக்கம்தானே என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ் 40 நிமிடத்துக்கு ஒன்று. முதல் பஸ் 3 நிமிடம் பிந்தினால் போதும், அது கிளம்பியிருக்கும். அந்தப் பருவத்தில் காலை ஆய்வக வகுப்புகளில் பாதிக்கு நான் தாமதமாகத்தான் போனேன். என் வகுப்புத் தோழி ஒருத்தி 14 கிலோமீட்டர் தள்ளி, மெட்ரோ நிலையத்தை ஒட்டிய தெருவில் இருந்தாள். அவள் தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை. "நீ பக்கத்திலதானே இருக்கே?" என்று ஒருநாள் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் புரிய எனக்கு ஒரு பருவம் முழுக்க ஆனது.

கார் இருப்பவர் நகரத்தைக் கிலோமீட்டரில் அளப்பார். நாம் நிமிடத்தில் அளக்க வேண்டும். அதிலும் வண்டி ஓடும் நிமிடத்தைவிட, வண்டிக்காக நாம் நிற்கும் நிமிடம்தான் நம்மைப் படுத்தும். அதனால் அறை பார்க்கப் போகும்போது வீட்டுக்காரரிடம் வாடகை கேட்கும் முன்பே, அந்தத் தெருவில் பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று பாருங்கள். 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் நேர அட்டவணையே பார்க்காமல் கிளம்பலாம். சராசரியாக 5 நிமிடம் நிற்பீர்கள். 40 நிமிடத்துக்கு ஒன்று என்றால் உங்கள் நாள் அந்த பஸ்ஸின் கையில் இருக்கிறது.

அந்த 5 நிமிடக் கணக்கும் பஸ் ஒழுங்காக வந்தால்தான். ஒரு பஸ் 5 நிமிடத்திலும் அடுத்தது 15 நிமிடத்திலும் மாறி மாறி வருகிறது என்று வையுங்கள். சராசரி இடைவெளி அதே 10 நிமிடம்தான். ஆனால் நீங்கள் நிறுத்தத்துக்குப் போய்ச் சேரும் நேரம் அந்த நீண்ட இடைவெளிக்குள் விழத்தான் வாய்ப்பு அதிகம். கணக்குப் போட்டால் சராசரிக் காத்திருப்பு ஆறேகால் நிமிடம் ஆகிறது. பஸ்கள் ஏன் ஜோடியாக வருகின்றன என்பதற்கும் காரணம் உண்டு. ஒரு பஸ் கொஞ்சம் பிந்தினால் நிறுத்தத்தில் ஆள் சேர்ந்துவிடும். அவர்கள் ஏற நேரமாகும், அது இன்னும் பிந்தும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஏற ஆளே இல்லாததால் அது வேகமாக வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். ஓட்டுநர் மேல் கோபப்பட இதில் ஒன்றுமில்லை. ரொம்ப நேரம் கழித்து ஒரு பஸ் பிதுங்கி வழிந்துகொண்டு வந்தால், படியில் தொங்காதீர்கள். அடுத்தது பெரும்பாலும் பின்னாலேயே, காலியாக வரும்.

மெட்ரோ வரைபடத்தையும் முழுதாக நம்பாதீர்கள். ஹாரி பெக் என்ற வரைவாளர் லண்டன் பாதாள ரயிலுக்கு வரைந்த படம் 1933இல் வெளியானது. கோடுகளையெல்லாம் நேராக்கி, நிலையங்களைச் சீரான இடைவெளியில் வைத்தார். புரிந்துகொள்ள அருமையான படம். உலகம் முழுக்க அந்தப் பாணி பரவியது. ஆனால் அதில் உண்மையான தூரம் இல்லை. லண்டனிலேயே லெஸ்டர் சதுக்கத்துக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே 300 மீட்டர்கூட இல்லை. படிக்கட்டு இறங்கி ரயில் பிடிப்பதைவிட நடந்தே போய்விடலாம். நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று வையுங்கள், 10 நிமிட நடையில் 800 மீட்டர். ஒருமுறை வண்டி மாறுவதை மிச்சப்படுத்த இது பல நேரம் போதும்.

சைக்கிள் பற்றி மணிக்கணக்கில் பேச ஆசைதான். நகரத்துக்குள் 5 கிலோமீட்டருக்கு 20 நிமிடம் போதும், காத்திருப்பே கிடையாது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: லாரியோ பஸ்ஸோ எந்தப் பக்கம் திரும்பப்போகிறதோ அந்தப் பக்க ஓரத்தில் நுழையாதீர்கள். அங்கே இருந்தால் ஓட்டுநர் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

அப்புறம் மாணவர் பாஸ். பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் டிக்கெட் எடுக்கும் பிள்ளை, நூலகத்துக்கு ஒரு நடை போகலாமா என்று யோசித்து அறையிலேயே இருந்துவிடும். பாஸ் இருந்தால் அந்தத் தயக்கம் இருக்காது. மாலை உரை, அருங்காட்சியகம், நண்பர் வீடு எல்லாம் எட்டும் இடத்துக்கு வந்துவிடும். ஜெர்மனியில் பல பல்கலைக்கழகங்கள் பருவக் கட்டணத்தோடே பயணச் சீட்டையும் சேர்த்திருக்கின்றன. லக்சம்பர்க் நாட்டில் 2020 முதல், ரயிலின் முதல் வகுப்பு நீங்கலாக, பொதுப் போக்குவரத்தே இலவசம். கல்விச் செலவு என்றால் அதில் போய்வரும் செலவும் அடங்கும் என்று புரிந்துகொண்ட இடங்கள் உண்டு. இங்கே இருக்கும் கல்லூரி நிர்வாகத்தினரையும் கேட்டுக்கொள்கிறேன்: மாலை ஆய்வக வகுப்பை வைக்கும் முன் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒருமுறை பாருங்கள்.

இரவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ்தான் உங்கள் கடைசி பஸ். அது போனால் இன்னொன்று இருக்கிறது. கடைசி பஸ் போனால் நடுத்தெருதான். கூட்டமில்லாத வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். போன் சார்ஜ் தீரும் முன் எங்கே இருக்கிறோம் என்று ஒருவருக்காவது சொல்லுங்கள்.

சரி, இன்னும் அறை முடிவு செய்யாதவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள். பார்த்து வைத்திருக்கும் முகவரியைக் கொண்டுவாருங்கள். திங்கள் காலை 8 மணிக்கு ஒரு முறை, இரவு 10 மணிக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முறை என்று போனில் வழி போட்டுப் பார்ப்போம். கடைசி ஆள் வரை இருக்கிறேன்.