குளிரில் ஓடக் கிளம்பும் முன்: நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?

வணக்கம் நண்பர்களே. பின்னால் தெரிகிற வெள்ளையைப் பார்த்தாலே புரிந்திருக்கும், இன்று இங்கே மைனஸ் 5 டிகிரி. ஓடிவிட்டு வந்தால் மூச்சு வாங்கும், பேச்சு சரியாக வராது. அதனால் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுகிறேன்.

இந்தக் குளிரில் வெளியே ஓடலாமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஓடலாம். ஆரோக்கியமாக இருப்பவர்கள் மைனஸிலும் நன்றாகவே ஓடலாம். ஓடும்போது தசைகள் எரிக்கிற சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. உடம்பே ஓர் அடுப்பு மாதிரி எரிந்துகொண்டிருக்கும். நின்றால் அந்த அடுப்பு தணிந்துவிடும், ஆனால் வியர்வையில் நனைந்த துணி மட்டும் உடம்பிலேயே ஒட்டியிருக்கும். குளிர் நம்மைப் பிடிப்பது அந்த நேரத்தில்தான். இன்று நான் சொல்லப்போகிற எல்லாமே அந்த ஒரு நிமிடத்துக்கான ஏற்பாடு.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால், ஏரியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, பனிக்கு அடியில் இருந்த ஒரு வேரில் கால் பட்டு கணுக்கால் பிசகிவிட்டது. உள்ளே பருத்தி டி-ஷர்ட், மேலே தடித்த ஜாக்கெட். அதுவரை உள்ளே நன்றாக வியர்த்திருந்தது. நொண்டிக்கொண்டே நடக்க ஆரம்பித்தேன். ஐந்து நிமிடத்தில் முதுகில் அந்தத் துணி ஐஸ் வைத்த மாதிரி ஒட்டிக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பல் கிடுகிடுவென்று அடிக்க ஆரம்பித்தது. சரி, வீட்டுக்கு போன் செய்யலாம் என்றால் ஜாக்கெட் பையின் ஜிப்பைத் திறக்க முடியவில்லை. ஜிப்பில் தொங்குமே ஒரு சின்ன நாக்கு, அதை விரல்கள் பிடித்திருக்கின்றனவா இல்லையா என்று குனிந்து கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கடைசியில் பல்லால் கடித்து இழுத்தேன். போனை எடுத்தால், பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தும் அணைந்து கிடக்கிறது. நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மா தன் கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்திவிட்டு, தன் போனிலிருந்து என் வீட்டுக்கு அழைத்தார். அவருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

அன்று எங்கே தவறினேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த டி-ஷர்ட். பருத்தி ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் உலராது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் வெப்பத்தைக் கடத்திவிடும். அப்படியென்றால் நனைந்த பருத்தி எப்படிப்பட்ட எதிரி என்று பாருங்கள். இதோ நான் இப்போது உள்ளே போட்டிருப்பது மெல்லிய மெரினோ கம்பளி. பாலியஸ்டரும் சரிதான். அதற்குமேல் ஒரு ஃப்ளீஸ், அதாவது பஞ்சு மாதிரி மிருதுவான கதகதப்புச் சட்டை, அதற்குமேல் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட். காற்றில்லாத நாளில் ஃப்ளீஸ் கூட வேண்டாம்.

அப்புறம், எவ்வளவு போட்டுக்கொள்வது? வெளியே இருப்பதைவிட 10 டிகிரி கூடுதலாக இருப்பதாக நினைத்து உடுத்துங்கள். முதல் ஐந்து, பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். வாசலில் நிற்கும்போதே கதகதப்பாக இருந்தால் அதிகம் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஓடும்போது வியர்க்கப் போகிறது என்று தோன்றியதுமே ஜிப்பை இறக்கிவிடுங்கள், நனைந்த பிறகு இறக்கிப் பயன் இல்லை. எதிர்பாராமல் நிற்க நேர்ந்தால் போட்டுக்கொள்ள, மடித்தால் கைக்குள் அடங்குகிற ஒரு மெல்லிய ஜாக்கெட்டை இப்போது இடுப்புப் பையில் எப்போதும் வைத்திருக்கிறேன்.

அடுத்தது காற்று. வானிலை ஆப்பில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள், எவ்வளவு குளிராக உணரும் என்ற எண்ணையும் பாருங்கள். மைனஸ் 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 13 மாதிரி. மைனஸ் 10 என்றால் கிட்டத்தட்ட மைனஸ் 20. இந்தக் கணக்கின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். பால் சைப்பிள், சார்லஸ் பாஸல் என்ற இருவர் அண்டார்டிகாவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் ஊற்றிக் காற்றில் வைத்து, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்துதான் இதைத் தொடங்கினார்கள். 2001இல் அமெரிக்காவும் கனடாவும் அந்தச் சூத்திரத்தை மாற்றின. இப்போது அது நடந்துபோகிற மனிதரின் முகத்தை வைத்துப் போட்ட கணக்கு. நாம் ஓடுகிறோம், காற்றுக்கு எதிரே ஓடினால் நம் வேகமும் அதோடு சேரும். ஆப் காட்டுவதைவிடக் கொஞ்சம் கூடுதல் குளிரையே எதிர்பாருங்கள்.

அதனால் போகும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள், திரும்பும்போது அது முதுகில் அடிக்கட்டும். மாற்றிச் செய்தால், வியர்த்து நனைந்து களைத்த நேரத்தில் காற்று நேராக முகத்திலும் மார்பிலும் அறையும். உணரும் குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால் திறந்திருக்கும் தோல் அரை மணி நேரத்துக்குள் உறைந்துபோகலாம். அன்றைக்கு நான் ட்ரெட்மில்லில் ஓடுவேன், அல்லது ஓடவே மாட்டேன்.

விரல், காது, மூக்கு நுனி, கன்னம், இவைதான் முதலில் அடிபடும். உடம்பு நடுப்பகுதியைக் காப்பாற்ற ஓரங்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். கடுங்குளிரில் ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, நாலு விரலும் ஒரே பையில் இருக்கும் இந்த வகை நல்லது. விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுத்துக்கொள்ளும். சாக்ஸை இரண்டாகப் போட்டு ஷூவை இறுக்கிவிடாதீர்கள், ரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் சீக்கிரம் மரத்துவிடும்.

ஓர் இடம் வெளுத்து, வலிகூட இல்லாமல் மரத்துப்போனால் உடனே சூடான இடத்துக்குள் போங்கள். தயவுசெய்து தேய்க்காதீர்கள், பனியை வைத்துத் தேய்க்கவே கூடாது. ஹீட்டர் பக்கத்திலும் காட்டாதீர்கள், உணர்ச்சி இல்லாத தோல் சுட்டாலும் தெரியாது. விரலை அக்குளில் வைத்துக்கொள்ளலாம், வெதுவெதுப்பான தண்ணீரில் விடலாம். உணர்ச்சி திரும்பவில்லை, கொப்புளம் வருகிறது என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கூட ஓடுகிறவரையும் கவனியுங்கள். கடுமையாக நடுங்குவது, வாய் குழறுவது, கால் தடுமாறுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, இவையெல்லாம் உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதன் அடையாளம். நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு நடுக்கம் நின்று, பேச்சும் மந்தமானால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். நிலைமை மோசமாகிறது. ஈரத்துணியை மாற்றி, போர்த்தி, உடனே ஆம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

நுரையீரல் உறைந்துவிடுமா என்ற பயம் வேண்டாம். காற்று உள்ளே போவதற்குள் மூக்கும் தொண்டையும் அதைச் சூடாக்கிவிடும். ஆனால் குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுக்குழாயை இறுக்கும். ஆஸ்துமா இருப்பவர்கள் வாய்க்கு மேல் ஒரு துணி கட்டிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே வார்ம்-அப் செய்துவிட்டு, இன்ஹேலரோடு கிளம்புங்கள். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும் என்பதால் இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. புதுப் பனியில் கால் பதியும், பயம் குறைவு. ஈரமான தார்ச்சாலை போல மின்னுகிறதே, அந்தக் கண்ணாடி ஐஸ்தான் ஆளைக் கவிழ்க்கும். அடியைச் சிறியதாக்குங்கள், வேகத்தை மறந்துவிடுங்கள். இருட்டினால் ஹெட்லேம்ப், வெளிச்சம் பட்டால் மின்னும் ஜாக்கெட். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். போனை வெளிப்பையில் வைக்காதீர்கள், உடம்பை ஒட்டி உள்ளே வையுங்கள், குளிரில் பேட்டரி படுத்துவிடும். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

திரும்பி வந்ததும் வாசலில் நின்று ஸ்ட்ரெட்ச் செய்யாதீர்கள். நேராக உள்ளே போய், சாக்ஸ் உட்பட நனைந்த எல்லாவற்றையும் கழற்றுங்கள். அப்புறம் மற்றது.

சரி, எனக்கும் விரல் நுனி சில்லிட ஆரம்பித்துவிட்டது. இன்று காற்று அந்த மரங்கள் இருக்கும் பக்கமிருந்து வருகிறது, முதலில் அங்கேதான் போகிறேன். ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுவேன் என்று வீட்டில் சொல்லியாயிற்று. வருகிறேன்.