‘தான்’ வந்தால் அம்பு திரும்பும்

[திரையில் இரண்டு வாக்கியங்கள்]

கடவுச்சொல் சரியாக இருந்தால் கணக்கு திறக்கும்.
கடவுச்சொல் சரியாக இருந்தால்தான் கணக்கு திறக்கும்.

இரண்டையும் மெதுவாக வாசித்துப் பாருங்கள். வித்தியாசம் ஒரே ஒரு ‘தான்’. தர்க்கவியல் படிக்கத் தொடங்கும் பலரும் தடுக்கி விழும் இடம் இது. அதனால் இந்த வீடியோவின் பெரும்பகுதி இதற்குத்தான்.

மெய் அல்லது பொய் என்று சொல்லக்கூடிய வாக்கியம்தான் கூற்று. கேள்வியும் கட்டளையும் கூற்று ஆகாது. மேலே உள்ள வாக்கியங்களுக்குள் இரண்டு தனிக்கூற்றுகள் இருக்கின்றன. ‘கடவுச்சொல் சரி’ என்பதற்கு ‘ச’ என்று பெயர் வைப்போம். ‘கணக்கு திறக்கிறது’ என்பதற்கு ‘தி’. எந்த எழுத்தும் எடுக்கலாம், ஆனால் எடுத்த எழுத்தின் பொருளைப் பாதியில் மாற்றக் கூடாது.

[திரையில்: ¬ மறுப்பு, ∧ உம், ∨ அல்லது, → ஆல்]

முதல் மூன்றும் சுலபம். ¬ மெய்யைப் பொய்யாக்கும், பொய்யை மெய்யாக்கும். ∧ இரண்டு பக்கமும் மெய்யாக இருக்கும்போது மட்டும் மெய். ∨ இரண்டும் பொய்யாக இருக்கும்போது மட்டும் பொய். அப்புறம், ‘வந்தான், ஆனால் பேசவில்லை’ என்பதில் உள்ள ‘ஆனால்’ கூட ∧ தான். அதிலுள்ள ஏமாற்றத்தைக் குறியீட்டில் கொண்டுவர முடியாது, இரண்டும் நடந்தனவா என்பது மட்டுமே வரும்.

சரி, அம்புக்குறி. ‘ச → தி’ என்பதை ஒரு வாக்குறுதியாக நினையுங்கள். ச மெய்யாகியும் தி பொய்யாகிவிட்டால் வாக்கு தவறியது. அந்த ஒரு நிலையில் மட்டுமே அது பொய். ச-வே பொய் என்றால் வாக்குத் தவற வாய்ப்பே இல்லை, ஆகவே மெய் என்று எழுதுகிறோம். முதல் தடவை இது மனதுக்கு ஒட்டாது. ஆனால் கிரேக்கத்தின் மெகாரா மரபைச் சேர்ந்த தத்துவஞானி ஃபிலோ 2,000 ஆண்டுகளுக்கும் முன்பே இப்படித்தான் விளக்கினார்.

இப்போது ‘தான்’. இரண்டாவது வாக்கியம் கணக்கு திறக்கும் என்று உறுதி தரவில்லை. கடவுச்சொல் சரியாக இருந்தும், அடுத்துக் கேட்கும் குறியீட்டு எண்ணில் நீங்கள் மாட்டிக்கொள்ளலாம். கணக்கு திறந்துவிட்டது என்றால் கடவுச்சொல் சரியாக இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அது சொல்வது. அதாவது ‘தி → ச’. அம்பு திரும்பிவிட்டது!

மெய் அட்டவணை போட்டுப் பார்க்கலாம், அதாவது மெய், பொய் எப்படியெல்லாம் சேர முடியுமோ அத்தனையையும் வரிசையாக எழுதிப் பார்ப்பது. 1921-இல் தத்துவஞானி விட்கன்ஸ்டைனும் கணிதவியலாளர் எமில் போஸ்டும் தனித்தனியாக வெளியிட்ட முறை இது. இரண்டு கூற்றுக்கு 4 வரிசை, மூன்றுக்கு 8. கூற்று ஒன்று கூடினால் வரிசை இரட்டிப்பாகும்.

[திரையில்]

ச | தி | ச → தி | தி → ச
மெய் | மெய் | மெய் | மெய்
மெய் | பொய் | பொய் | மெய்
பொய் | மெய் | மெய் | பொய்
பொய் | பொய் | மெய் | மெய்

நடு இரண்டு வரிசைகளைப் பாருங்கள். மூன்றாவதில், கடவுச்சொல் தெரியாமலேயே யாரோ உள்ளே நுழைந்துவிட்டார். முதல் வாக்கியம் அப்போதும் மெய்யாகவே நிற்கிறது. ‘தான்’ வாக்கியம் பொய்யாகிவிடுகிறது.

பேச்சில் சிலர் ‘தான்’ போட்டு இரண்டு திசையையும் சேர்த்தே சொல்வார்கள். அந்த இடத்தில் ↔ போட வேண்டும். வாக்கியத்தைக் குறியீடாக்கும் முன் சொன்னவர் எதை நினைத்தார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

‘கணக்கு திறந்திருக்கிறது, எனவே கடவுச்சொல் சரி’ என்று ஒருவர் முடிவு கட்டுகிறார். ‘ச → தி’ மட்டும் கையில் இருந்தால் இது செல்லாது, மூன்றாவது வரிசையே அதற்கு எதிர்ச்சாட்சி. ‘தி → ச’ இருந்தால் செல்லும். அதுவும் தி-யும் சேர்ந்து மெய்யாகும் வரிசை முதலாவது மட்டுமே, அங்கே ச மெய்.

வீடியோவை இங்கே நிறுத்திவிட்டு, ‘கடவுச்சொல் சரியில்லை என்றால் கணக்கு திறக்காது’ என்பதை அட்டவணையில் ஐந்தாவது பத்தியாக, மேலிருந்து கீழாக நிரப்புங்கள். அது எந்தப் பத்தியோடு அப்படியே பொருந்துகிறது?