பொறுப்பது உன் கடன்

அன்பர்களே, வணக்கம்.

கந்த சஷ்டி கவசம் இங்கே பலருக்கும் மனப்பாடம். 19ஆம் நூற்றாண்டில் தேவராய சுவாமிகள் பாடியது. ஐப்பசி அமாவாசை கழிந்து வரும் சஷ்டி நாட்களில் இது ஒலிக்காத முருகன் கோயில் அரிது. அதில் நாம் வேகமாகத் தாண்டிவிடும் ஓர் இடத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

முதலில் நெற்றி, கண், செவி, நாசி என்று ஒவ்வொன்றுக்கும் முருகனின் வேலாயுதத்தைக் காவல் வைக்கிறார். 'முப்பத்திரு பல் முனைவேல் காக்க' என்று பல்லைக்கூட எண்ணிச் சொல்கிறார். முருகனுக்கு இதெல்லாம் தெரியாதா என்று சிறு வயதில் நினைத்திருக்கிறேன். என் குழந்தை காய்ச்சலில் கிடந்த ஓர் இரவில், நெற்றி, கழுத்து, உள்ளங்கால் என்று மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த வரிசை புரிந்தது. பயந்த மனம் அப்படித்தான் கேட்கும்.

அப்புறம் பேய், புலி, தேள், பாம்பு, பூரான், நோய் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, குரலே மாறுகிறது.

'எத்தனை குறைகள் எத்தனை பிழைகள்
எத்தனை அடியேன் எத்தனை செயினும்
பெற்றவன் நீகுரு பொறுப்பது உன்கடன்
பெற்றவள் குறமகள் பெற்றவ ளாமே'

அதுவரை 'காக்க, காக்க' என்று கெஞ்சியவர், இங்கே உரிமையோடு 'உன் கடன்' என்கிறார். நீ அப்பன், வள்ளி அம்மா. பிள்ளை செய்த பிழையை வேறு யார் பொறுப்பார்கள்? அந்த வள்ளியும் தினைப்புனம் காத்தவள். காவல் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாதா!

இந்த உரிமை நமக்குப் பழையது. 7ஆம் நூற்றாண்டில் அப்பர் பெருமான் கடம்பூர்க் கரக்கோயிலில் சிவனைப் பாடினார்: 'தன்கடன் அடியேனையும் தாங்குதல், என்கடன் பணிசெய்து கிடப்பதே.' பின்பாதியை மேடைதோறும் சொல்கிறோம். முன்பாதியை விட்டுவிடுகிறோம். 'அடியேனையும்' என்பதில் உள்ள அந்த 'உம்'மைக் கவனியுங்கள். எத்தனையோ பேரைத் தாங்குகிறாய், கடைசியில் நிற்கும் என்னையும் தாங்கு என்கிற மனம் அதில் இருக்கிறது. அந்தப் பாட்டு எப்படித் தொடங்குகிறது தெரியுமா? 'நங்கடம்பனைப் பெற்றவள் பங்கினன்.' நம் கடம்பன் என்றால் முருகன்தான்; அவனைப் பெற்ற உமையை ஒரு பாகத்தில் கொண்டவன் சிவன். அப்பனான சிவனிடம் அப்பர் சொன்ன 'கடன்' என்ற அதே சொல்லைத்தான் தேவராயர் பிள்ளையான முருகனிடம் சொல்கிறார்.

சரி, நேரமாகிவிட்டது. அந்த நான்கு வரிகளை மட்டும் எல்லாரும் சேர்ந்து ஒருமுறை மெதுவாகச் சொல்வோம். 'எத்தனை குறைகள்...'