மடுவத்துத் தராசு ஏன் தாமதிக்கிறது?

[காட்சி: மலைச்சரிவில் கொழுந்து மடுவம், அதாவது பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. டிஜிட்டல் தராசின் கொக்கியில் ஒரு சாக்கு ஆடுகிறது.]

வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ பதுளையிலோ தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் நேரம். சாக்கை மாட்டியதும் எண் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. பின்னால் வரிசை காத்திருக்கிறது, தூறலும் விடவில்லை. "எடையைப் பதியும் கணினிக்குப் போகும் வயர் மெதுவானது, வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். கூட்டித்தான் பார்ப்போமே.

[காட்சி: தராசிலிருந்து கணினிக்குச் செல்லும் வயர். எழுத்துகள் ஒவ்வொன்றாக ஓடுகின்றன.]

பல தராசுகள் வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் பேசுகின்றன. பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒரு சிறு குறி. ஓர் எழுத்துக்கு 8 பிட். தொடக்கத்துக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று. ஆக 10. வினாடிக்கு 960 எழுத்துகள். எடையைச் சொல்லும் வரியில் 16 எழுத்துகள் இருந்தால், அது போய்ச் சேர 17 மில்லிவினாடி போதும். வேகத்தை 12 மடங்கு கூட்டினாலும் மிச்சமாவது ஏறக்குறைய 15 மில்லிவினாடிதான். கண் இமைப்பதற்குக்கூட அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும்.

தாமதம் வயரில் இல்லை, தராசின் வயிற்றுக்குள் இருக்கிறது.

[காட்சி: திறந்த தராசு. லோட் செல்.]

லோட் செல் என்பது தராசில் பாரத்தை உணரும் உறுப்பு. சாக்கின் பாரத்தால் அதன் உலோகம் மயிரிழை அளவு வளைகிறது. அதில் ஒட்டிய மெல்லிய தகட்டின் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றத்தை ஒரு சில்லு எண்ணாக்குகிறது. மலிவான தராசுகளில் காணப்படும் எச்எக்ஸ்711 என்ற சில்லு வினாடிக்கு 10 அல்லது 80 முறை அளக்கும். சாக்கு ஆடுவதால் ஒவ்வோர் அளவும் ஒவ்வொரு மாதிரி வரும். அதனால் தராசு கடைசிச் சில அளவுகளின் சராசரியைக் காட்டுகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். வினாடிக்கு 10 அளவு, கடைசி 8 அளவுகளின் சராசரி என்று வைத்துக்கொள்வோம். 16 கிலோ சாக்கை மாட்டி 6 அளவுகள்தான் ஆகியிருக்கின்றன. மற்ற இரண்டும் கொக்கி காலியாக இருந்தபோது எடுத்தவை, பூச்சியம். சராசரி 12. அந்தக் கணத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டால் 4 கிலோ கொழுந்து காணாமற்போகிறது! முழுப்பேரா அரைப்பேரா (முழு நாள் சம்பளமா அரை நாள் சம்பளமா) என்று கிலோவைப் பார்த்து முடிவு செய்யும் தோட்டத்தில் அது ஒரு நாள் உழைப்பையே பாதிக்கும். இன்னும் இரண்டே அளவுகள், அதாவது 0.2 வினாடி பொறுத்திருந்தால் 16 வந்திருக்கும். சாக்கு ஆடினால் இன்னும் சற்று நேரம் வேண்டும்.

பல தராசுகள் அனுப்பும் வரியிலேயே, எடை நிலைத்துவிட்டதா இன்னும் ஆடுகிறதா என்று சொல்லும் ஒரு குறி இருக்கிறது. கணினி நிரல் அதைப் படிக்காமல் வெறும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் தவறு நிரலுடையது. நிரல் எழுதுபவர்கள் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

மடுவத்திலிருந்து தொழிற்சாலைக்கு எடைக்கணக்கு போய்ச் சேர்வதில் வரும் தாமதம் வேறு வகை. மலை மறைத்து அலைபேசிச் சமிக்ஞை அறுந்தாலும், எடை போட்ட நேரத்தோடு எடை தராசருகிலேயே பதிவாகியிருந்தால் பத்து நிமிடம் பிந்திப் போவதால் ஒரு கிலோவும் குறையாது.

[காட்சி: திரையின் ஓரத்தில் நிலைத்த எடைக்கான சிறு விளக்கு எரிகிறது. கொழுந்தெடுத்த பெண் அதைப் பார்க்கிறார். அதன் பிறகு கணக்கப்பிள்ளை எழுதுகிறார்.]